தூண்டிலை முள்ளிலிருந்து தேர்ந்தெடுங்கள்

கோல், ரீல், பொய் இரை என்று பணத்தைக் கொட்டுமுன் எந்த மீன், எந்தத் தண்ணீர், பிடித்த பின் அந்த மீனின் கதி என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது

தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைகிறவரின் கண் முதலில் கோலின் மேல்தான் போகும். கையில் எடுத்தால் கனமே தெரியாத கருப்பு கார்பன் கோல். அடுத்தது அதற்கு ஜோடியாக ஒரு ரீல். பிறகு கண்ணாடி அலமாரியில் குட்டி மீன் போலவும் தவளை போலவும் மின்னும் பொய் இரைகளில் நாலைந்து. பில் போடும் நேரத்தில்தான் நினைவு வரும்: "அப்படியே கொஞ்சம் நரம்பும் முள்ளும் கொடுத்துடுங்க."

இந்த வரிசை அப்படியே தலைகீழ். மீனின் வாயைத் தொடுவது முள். முள்ளைப் பிடித்திருப்பது நரம்பு. நரம்பை விட்டும் இழுத்தும் கட்டுப்படுத்துவது ரீல். இவை மூன்றும் அறுந்து போகாதபடி வளைந்து கொடுப்பதுதான் கோலின் முக்கிய வேலை. பணத்தையெல்லாம் கோலில் போட்டுவிட்டு, மலிவான முள்ளையும் போன வருஷத்து நரம்பையும் கட்டுகிறவர், பெரிய மீன் கடிக்கும் அன்றுதான் கணக்குத் தப்பியதை உணர்வார். அவருக்கு நஷ்டம் ஒரு மீன். மும்முனை முள்ளையும் பத்து மீட்டர் நரம்பையும் வாயில் சுமந்துகொண்டு ஓடும் மீனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்திய ஆறுகளில் தூண்டில்காரர்கள் அதிகம் ஏங்குவதும் அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு மீனுக்காகத்தான்.

விட்ட மீன் பிழைத்ததா?

மகசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அகலச் செதில்கள், தடித்த உதடுகள், பாறைகளுக்கு நடுவே பாயும் வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் உடல்வலு. சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலில், ஐரோப்பியர்கள் கொண்டாடும் சால்மனுக்கும் மேலாக மகசீரை வைத்தார். வேட்டை விலங்குகளைப் பாடம் செய்வதில் புகழ்பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946ல் கபினி ஆற்றில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டில்காரர்கள் இன்றும் வியந்து பேசும் எடை அது.

பின்னாளில் கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்கலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. வெளிநாட்டவரும் வந்து குவிந்தார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, குறித்துக்கொண்டு, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. சரணாலயப் பகுதிக்குள் நடந்த இந்த விளையாட்டு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆனால் காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் மிஞ்சின. அவற்றை ஆய்வாளர்கள் அலசியபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்து, காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மகசீர் பெருகியிருந்தது. காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் அருகிக்கொண்டே வந்திருந்தது.

அந்தத் திமில் மகசீரின் அறிவியல் பெயரே 2018ல்தான் உறுதியானது: டோர் ரமாதேவி. காவிரியின் கிளை நதிகளான பாம்பாறு, மாயாறு ஆகியவற்றிலும் வாழும் இந்த மீனை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதே ஆண்டில் மிகக் கடுமையான அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இமயமலை அடிவார ஆறுகளில் வாழும் தங்க மகசீரும் அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது.

"நான் மீனைக் கொல்வதில்லை, பிடித்து விட்டுவிடுகிறேன்" என்பது இன்றைய தூண்டில்காரர்களின் வழக்கமான பதில். நீந்திப் போவதைக் கண்ணால் பார்த்தோம் என்பதால் அது பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நெடுநேரம் இழுபறியில் சிக்கும் மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. நீரைவிட்டு வெளியே தூக்கினால் செவுள்கள் ஒட்டிக்கொண்டு மூச்சு நிற்கிறது. வெயில் காலத்தில், சூடேறிய நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைவு என்பதால் ஆபத்து இரட்டிப்பு. எவ்வளவு சீக்கிரம் கரைக்குக் கொண்டுவருகிறீர்கள், எவ்வளவு சீக்கிரம் முள்ளைக் கழற்றுகிறீர்கள் என்பதே மீனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இரண்டும் கடையில் நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தவை.

முள்: ஒன்று போதும்

கடையில் கிடைக்கும் பொய் இரைகளில் பெரும்பாலானவற்றில் மும்முனை முள் தொங்கும், சிலவற்றில் இரண்டு. ஒரு முனை வாயில் குத்த, மற்றவை கண்ணிலும் செவுளிலும் ஏறிவிடும். கழற்றுவதற்குள் மீன் பாதி செத்துவிடும். கழற்றுகிற விரலும் தப்பாது. வாங்கிய கையோடு மும்முனை முட்களை எடுத்துவிட்டு, தடித்த கம்பியில் செய்த ஒற்றை முள்ளை மாட்டுவதுதான் முதல் வேலை. கூர்முனைக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் மீன் நழுவாது. கழற்றுவதற்கு ஒரு நொடி போதும்.

மகசீருக்குத் தாடையில் பல் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் பற்கள் நத்தை ஓட்டை நொறுக்கக்கூடியவை. உதடுகளின் அழுத்தமே மெல்லிய முள்ளை நெளித்துவிடும். எனவே முள்ளில் கஞ்சத்தனம் கூடாது. முள்ளின் எண்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று போகும்போது முன் எண் கூடக்கூட முள் பெரிதாகும். கூர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். வழுக்கினால் மொட்டை, கீறினால் கூர். துருப்பிடிக்காத எஃகு முள்ளைவிடச் சாதாரண முள்ளே நல்லது. நரம்பு அறுந்து மீனோடு போனாலும் நாளடைவில் துருவேறி உதிர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

நரம்பு: மெலிந்தது வீரம் அல்ல

மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடித்தேன் என்று பெருமை பேசுவது பழைய வழக்கம். மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அரைமணி நேரச் சித்திரவதை. விட்டுவிடப் போகும் மீனுக்குத் தடித்த நரம்பே தர்மம்.

நரம்பின் தாங்குதிறன் பெட்டியின் மேல் பவுண்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பவுண்டு 450 கிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: 8 பவுண்டு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், 20 பவுண்டு 9 கிலோ, 30 பவுண்டு பதின்மூன்றரைக் கிலோ. மகசீர் ஆறுகளில் 20 பவுண்டுக்குக் குறைந்து போக வேண்டாம். பெரிய மீன்கள் உள்ள இடத்தில் 30 பவுண்டு நல்லது.

நம் ஊரில் தங்கூஸ் என்று சொல்லும் ஒற்றை இழை நைலான் நரம்பு விலை குறைவு. இழுத்தால் கொஞ்சம் நீளும், அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் வலு குறையும். பல இழைகளைப் பின்னிய நரம்பு, அதே தடிமனில் பல மடங்கு தாங்கும். ஆனால் பாறையில் உரசினால் சட்டென்று அறுந்துபோகும். அதனால் பின்னல் நரம்பின் முனையில் ஒன்றிரண்டு மீட்டர் தடித்த நைலானோ ஃப்ளூரோகார்பனோ முடிந்துகொள்வது வழக்கம். எந்த நரம்பானாலும் முடிச்சுதான் பலவீனமான இடம். இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொண்டால் சூட்டில் நைலான் கெடாது. வருஷத்துக்கு ஒருமுறை நரம்பை மாற்றுங்கள். வெட்டிப்போட்ட துண்டுகளைக் கரையில் விட்டுவந்தால் கொக்கும் ஆமையும் சிக்கிச் சாகும். சுருட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

ரீல்: பேரிங் கணக்கில் ஏமாறாதீர்கள்

ரீல் பெட்டியின் மேல் "12 பால் பேரிங்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது டிராக் என்னும் உராய்வுப் பிடிப்பு. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ரீல் தானே கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிராக்கைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையால் நிதானமாக இழுங்கள். வழவழவென்று வந்தால் வாங்கலாம். நின்று நின்று வெட்டி வெட்டி வந்தால் எத்தனை பேரிங் இருந்தும் பயனில்லை.

நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. 12 கிலோ தாங்கும் நரம்பு என்றால், 3 முதல் 4 கிலோ இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். காய்கறிக்காரர் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தால் இதை அளந்துவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது, கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல். எறியும்போது அதன் உருளை சுற்றாது, நரம்பு மட்டும் சுருள் சுருளாக வெளியேறும். சிக்கல் குறைவு. கோலின் மேல் உட்காரும் ரீலில் உருளையே சுற்றும். வலுவும் துல்லியமும் அதிகம். ஆனால் கட்டைவிரலால் சமயம் பார்த்து அழுத்தத் தெரியாவிட்டால், உருளை முந்திக்கொண்டு ஓடி, நரம்பு குருவிக்கூடாகிவிடும். ஸ்பின்னிங் ரீலில் 2000, 2500 என்ற அளவுகள் டிரவுட் மீனுக்கும் சிறு மீன்களுக்கும் பொருந்தும். மகசீருக்கு 4000 முதல் 6000 வரை வேண்டும். முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு போகக்கூடிய மீன் அது. தேவையான தடிமனில் 200 மீட்டர் நரம்பாவது கொள்ளுமா என்று உருளையின் விளிம்பில் பார்த்து வாங்குங்கள்.

கோல்: அடிப்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

முள்ளும் நரம்பும் ரீலும் முடிவான பிறகு கோல் தேர்வு சுலபம். கைப்பிடிக்குச் சற்று மேலே நீளம், எறியக்கூடிய எடை, நரம்பின் அளவு ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். மகசீருக்கு 8 முதல் 10 அடி, 15 முதல் 50 கிராம் எடையை எறியும் கோல். நீரோடை டிரவுட்டுக்கு 6 முதல் 7 அடி, 3 முதல் 15 கிராம். குளத்தில் தக்கை போட்டு ரோகு, கட்லா பிடிக்க 10 முதல் 12 அடி. இந்த எண்களுக்கு வெளியே போனால், இலேசான இரையை முரட்டுக் கோல் எறியாது. கனமான இரையை மெல்லிய கோலில் எறிந்தால் கோல் முறியும்.

கண்ணாடி இழைக் கோல் கொஞ்சம் கனம். ஆனால் அடி தாங்கும். ஜீப்பின் பின்பக்கம் போட்டு மலைப்பாதையில் போகிறவர்களுக்கும் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அதுவே உத்தமம். கார்பன் கோல் இலேசு, மீன் முகர்ந்து பார்ப்பதுகூடக் கைக்குத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் உடையும். இன்னொரு விஷயத்தைப் பல கடைக்காரர்கள் சொல்வதில்லை: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். குளத்துக் கரையில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே பத்தடிக் கோலை ஓங்குவது உயிருக்கே ஆபத்து. இடி மின்னல் வந்தாலும் கோலைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்குங்கள்.

நரம்பு ஓடும் வளையங்களையும் கவனியுங்கள். துணி நூல் ஒன்றையோ பஞ்சையோ உள்ளே விட்டு இழுத்தால், கீறல் உள்ள வளையம் காட்டிக்கொடுத்துவிடும். கீறல் இருந்தால் நரம்பை அறுத்துத் தள்ளும்.

பொய் இரை: ஆறு போதும், அறுபது வேண்டாம்

பொய் இரைகள் மீனைப் பிடிப்பதற்குமுன் மனிதரைப் பிடிக்கின்றன. பெட்டி நிறைய வாங்கி அடுக்கியவர்களும் திரும்பத் திரும்ப எறிவது நாலைந்தைத்தான். அடிப்படையில் மூன்று வகை. கரண்டி போல் வளைந்த உலோகத் தகடு தள்ளாடி நீந்தும். பித்தளையிலும் செம்பிலும் செய்த இந்த வகை, தாமஸ் காலத்திலிருந்தே மகசீருக்குப் பழக்கமானது. இரண்டாவது, கம்பியைச் சுற்றித் தகடு சுழலும் ஸ்பின்னர். 1938ல் பிரான்சில் தொடங்கிய மெப்ஸ் இந்த வகையில் பிரசித்தம். மூன்றாவது, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த குட்டி மீன். பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா 1936ல் செதுக்கியதிலிருந்து உலகெங்கும் பரவியது. இதன் மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். தகடு நீளமாகவும் முன்நோக்கியும் இருந்தால் ஆழத்தில் ஓடும். சிறிதாகவும் கீழ்நோக்கியும் இருந்தால் மேலாக ஓடும்.

நிறத்தில் குழம்ப வேண்டாம். தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம், கலங்கிய நீருக்குப் பொன்னோ செம்போ என்பது தொடங்குகிறவருக்குப் போதுமான விதி. ஒவ்வொரு வகையிலும் அளவு மாற்றி இரண்டு, மொத்தம் ஆறு. சுழலும் இரை நரம்பை முறுக்கிவிடும் என்பதால் இடையில் ஒரு ஸ்விவல் கட்டுங்கள்.

பனி ஆறும் ஊர்க் குளமும்

மகசீருக்குச் சொன்ன கணக்கு இமயத்தின் பனி நீருக்குப் பொருந்தாது. அங்கே டிரவுட் ராஜ்ஜியம். ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்ட இந்த மீன், காஷ்மீரில் லித்தர், சிந்து ஓடைகளிலும், இமாசலத்தில் தீர்த்தன், பாஸ்பா போன்ற ஆறுகளிலும், தெற்கே நீலகிரியிலும் மூணாறிலும் தங்கிவிட்டது. கூச்ச சுபாவம், கூர்ந்த பார்வை. 6 முதல் 8 பவுண்டு நரம்பும் சிறிய ஸ்பின்னரும் போதும். இறகால் கட்டிய பூச்சி இரையை வீச விரும்புகிறவர்களுக்கு 5ஆம் எண் ஃப்ளை கோல் பொதுவான தேர்வு. ஃப்ளை வீச்சில் இரைக்கு எடை கிடையாது. தடித்த நரம்பின் எடைதான் இரையைக் கொண்டு போகிறது. எனவே கோலின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறு இல்லாத ஊரிலும் குளம் உண்டு. வங்காளத்தில் ரீல் மாட்டிய கோலை 'ஹுயில் சிப்' என்பார்கள். டிக்கெட் வாங்கிக் குளக்கரையில் பகல் முழுக்க உட்கார்ந்து, வாசனைத் தீனி தூவி, எறும்பு முட்டை கோத்து ரோகுவையும் கட்லாவையும் பிடிப்பது அங்கே பெரும் கலை. இதற்குப் பொய் இரை தேவையில்லை. தக்கை, 10 முதல் 15 பவுண்டு நரம்பு, நல்ல டிராக் உள்ள நடுத்தர ரீல் போதும்.

பாசி மூடிய குட்டையில் விரால் பிடிக்கிறவர்களுக்கு ரப்பர் தவளை. அதன் முட்கள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் பாசியில் மாட்டாது. கொடிகளுக்கு நடுவிலிருந்து மீனை இழுத்துவர 6½ முதல் 7 அடி விறைப்பான கோலும் 30 பவுண்டுக்கு மேற்பட்ட பின்னல் நரம்பும் வேண்டும். குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விரால் எதைக் கண்டாலும் பாயும். சிவந்த குஞ்சுகள் கொப்பளிப்பதைப் பார்த்தால் வேறு பக்கம் எறியுங்கள். தாயும் தந்தையும் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைக்காது.

பட்டியலில் இன்னும் மூன்று

வீட்டிலிருந்து கிளம்புமுன் மூன்று பொருள்களைச் சரிபாருங்கள். ஒன்று, முள் கழற்ற நீண்ட மூக்குக் குறடு. இரண்டு, முடிச்சில்லாத ரப்பர் கைவலை. நைலான் முடிச்சுவலை மீனின் மேலுள்ள வழவழப்பைச் சுரண்டி, நோய்க்கு வாசல் திறந்துவிடும். மூன்று, அனுமதிச் சீட்டு. மீன்பிடி உரிமம் மாநில மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது, காட்டுப் பகுதியில் வனத்துறையின் சம்மதமும் தேவை. இமாசலத்து டிரவுட் ஆறுகளில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடியும்வரை மீன் முட்டையிடும் காலம் என்பதால் தூண்டிலுக்குத் தடை.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்றது. ஆனாலும் மலை ஆறுகளில் அந்த வழக்கம் முற்றாக ஒழியவில்லை. வெடிச் சத்தத்தை முதலில் கேட்பதும், செத்து மிதக்கும் குஞ்சுகளை முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் கரையில் தூண்டிலோடு நிற்கிறவர்தான். அதனால் பையில் ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். தேதி, இடம், மீனின் இனம், நீளம், நீரின் நிறம் என்று ஐந்து விவரம் போதும். காவிரியின் திமில் மகசீர் மறைந்துகொண்டிருந்த கதையை உலகத்துக்குச் சொன்னது அப்படிப்பட்ட நோட்டுகள்தான். கடையில் உள்ள எந்த ரீலைவிடவும் அதன் விலை குறைவு.